அவர் இல்லீங்

"உள்ள செயின் ஏதாவது போட்டிருக்கீங்களாம்மா? உரசுது" என்று மைக் மாட்ட வந்தவர் கேட்டார். கலாமணிக்கு முதலில் பிடிபடவில்லை. அவர் இரண்டு காதையும் பெரிய கறுப்பு மூடியால் அமுக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். அவள் மூச்சு விட்டால் அவருடைய புருவம் ஏறியது, எச்சில் விழுங்கினால் தலை ஆடியது, நம் நெஞ்சுக்குள் நடக்கிறதை ஊர்பேர் தெரியாத ஒரு ஆம்பிளை காதில் வைத்துக் கேட்கிறாரே என்று அவளுக்குக் கழுத்தெல்லாம் கூசியது. "கரகரன்னு வருதும்மா. கழட்டிப் பையில போட்டுக்கங்க. பாப்பா பாடி, நீங்க மேடைக்குப் போய்ட்டு வந்தப்புறம் மாட்டிக்கலாம்." சரிங் என்றாள். எதற்கும் அவளுக்குச் சரிங் என்றுதான் வாயில் வரும். அட்டையில் செய்து கல் மாதிரி பெயிண்ட் அடித்திருந்த ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று முந்தானைக்குள் கையை விட்டாள். இத்தனை ஏசியிலும் தாலி சூடாக இருந்தது. வெளியே தெரியாமல் ஜாக்கெட்டுக்குள் அமுக்கி அமுக்கி வைத்ததில் நெஞ்சுக்குழியில் அச்சுப் பதிந்து, தொட்டால் வலித்தது. கழட்டுவதாவது. பிரசவத்தின்போது நர்சம்மா கழட்டச் சொன்னதற்கே மாமியார் ஆஸ்பத்திரி வாசலில் சண்டைக்கு நின்றவள். கயிற்றைச் சுற்றித் தாலியை முதுகுப்பக்கமாகத் தள்ளிவிட்டு வந்தாள். காதுமூடிக்காரர் கேட்டுப் பார்த்தார், கட்டைவிரலை உயர்த்தினார், "இப்ப சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். நல்ல மனுசன்தான். அவர்மேல் என்ன தப்பு. புருசன் இல்லாதவள் கழுத்தில் தாலி உரசும் என்று யார் நினைப்பார்கள்.

ஆனால் பூபதி இருக்கிறார். குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். திருச்செங்கோட்டில் இருந்து கிளம்பிப் போன ஒரு போர்வெல் வண்டியில், சத்தீஸ்கர் என்று அவளுக்கு வாயில் சரியாக நுழையாத ஏதோ ஒரு சீமையில், குழாய் மேல் குழாய் மாட்டிப் பூமிக்குள் இறக்கிக்கொண்டு இருக்கிறார். மழை விட்டால் வண்டி போகும், மழை பிடித்தால் வண்டி வரும், நடுவில் அவர் வீட்டில் இருப்பது கொஞ்ச நாள். அதைத்தான் அவள் சொன்னாள். ஈரோட்டில் அந்தக் கல்யாண மண்டபத்தில், பாட்டுப் போட்டிக்குப் பிள்ளை எடுக்கிறார்கள் என்று டிவியில் போட்டதைப் பார்த்து மகள் தரணிகாவைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு, கசகசவென்று கூட்டம், ஆர்மோனியச் சத்தம், அழுகிற பிள்ளைகள், எல்லாப் பிள்ளைக்கும் அப்பன்மார் கூட நின்றார்கள், தண்ணீர் பாட்டிலும் விசிறியுமாக. நிஷாந்தி என்கிற அந்தப் பெண், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு எல்லோரையும் விசாரித்துக்கொண்டே வந்தவள், பாப்பா பாடி முடித்த கையோடு அவளிடம் வந்து, "பாப்பாவோட அப்பா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். "இல்லீங்" என்றாள் கலாமணி. ஊரில் இல்லை. வேறு என்ன சொல்வது. "அச்சோ. எவ்வளவு நாளாச்சும்மா?" "ரெண்டு வருசமாவே இப்பிடித்தானுங்." "எப்படி?" "போர் வண்டிலீங்." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. மெட்ராஸ்காரி என்றாலும் எத்தனை இரக்கம், புருசன் கூட இல்லாமல் ஒண்டியாய்ப் பிள்ளை வளர்க்கிற கஷ்டம் இவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று கலாமணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. அதை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அந்த இரக்கம் எவ்வளவு இனிப்பாக இருந்தது. யாருமே அதுவரைக்கும் அவளைப் பார்த்து அச்சோ என்று சொன்னதில்லை.

அப்புறம் வீட்டுக்கே வந்தார்கள் படம் பிடிக்க. வாசலில் வேன் நின்றது, தெருவே கூடியது. அவளை அடுப்படியில் உட்காரவைத்து, ஜன்னலில் இருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி முகத்தைத் திருப்பச் சொல்லி, "அம்மா, நெத்திப் பொட்டு மட்டும் கொஞ்சம் எடுத்துருங்களேன், லைட்டுக்கு மின்னுது" என்றார்கள். சரிங் என்றாள். எடுத்துச் சுவரில் ஒட்டினாள். அந்தப் பொட்டு மின்னுகிற பொட்டே இல்லை, வெறும் மெரூன் பொட்டு. அப்போதே அவளுக்குத் தெரிந்ததா? அங்கேதான் அவள் நினைப்பு போய்ப் போய் முட்டிக்கொள்கிறது. சேலையில் முள் மாட்டினால் ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் மாட்டுமே, அந்த மாதிரி. ஈரோட்டில் தெரியாது, சாமி சத்தியமாகத் தெரியாது. போட்டோ கேட்டபோது? "அவர் போட்டோ ஏதாவது இருக்காம்மா, தனியா இருக்கிற மாதிரி" என்று கேட்டார்கள், லைசென்சுக்கு எடுத்ததில் மிச்சமிருந்ததைக் கொடுத்தாள், பாப்பாவின் அப்பாவையும் டிவியில் காட்டுவார்கள் போல என்று சந்தோசமாகத்தான் கொடுத்தாள். ஆனால் பொட்டு? பொட்டை எடுக்கும்போது விரல் ஒரு கணம் நின்றது. நின்றது என்றால் தெரிந்தது என்றுதானே அர்த்தம். தெரிந்திருந்தால் கேட்டிருக்க வேண்டாமா. கேட்டிருந்தால் வேன் திரும்பிப் போயிருக்கும். வாசலில் அத்தனை பேர். நின்றதா, இல்லை இப்போது அப்படி நினைத்துக்கொள்கிறாளா. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நூல் மில்லுக்குப் போனபோது சூப்பர்வைசர் அவளைக் கலாவதி என்று கூப்பிட்டார். முதல் நாளே இல்லீங் கலாமணிங் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாள், மறுநாளும் கலாவதி, அப்புறம் சொன்னால் நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரோ என்று பயம், கல்யாணத்துக்கு மில்லை விட்டு நிற்கிற வரைக்கும் கலாவதியாகவே பஞ்சு அள்ளினாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனால், "இது யாரும்மா கலாமணி?" என்று கேட்டார் அந்த மனுசன். பூபதி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "ஏ கலாவதி, தண்ணி கொண்டா" என்பார்.

சனிக்கிழமை சாயங்காலம் டிவியில் வந்தது. பக்கத்து வீட்டார் எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதலில் பாப்பா, அப்புறம் அடுப்படி, பொட்டில்லாத அவள் முகம், எவளோ ஒரு பாவப்பட்டவள் முகம் மாதிரி இருந்தது, அப்புறம் பூபதியின் லைசென்ஸ் போட்டோ. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. அதைச் சுற்றி ஒரு ரோசாமாலை தானாக வந்து விழுந்தது, கம்ப்யூட்டரில் செய்த மாலை, இதழ்கள் அசைந்தன, முன்னால் ஒரு விளக்கு எரிந்தது. மாமியார்தான் எழுந்தாள். எழுந்து டிவியை அணைக்கவில்லை, அதன் எதிரே போய் நின்று மகனுடைய மூஞ்சியை முந்தானையால் மூடினாள். "என்ற மவன உசுரோட பொதச்சுப்போட்டுப் பாட்டுப் படிக்கறீங்களா, ஆத்தாளும் மவளும்?" அன்றைக்குப் பேசியதுதான். பிறகு மருமகள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மறுவாரம் பஸ்ஸில் ஒரு அம்மா, வெறும் நெற்றியும் வெறும் கழுத்துமாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கலாமணியின் கையைப் பிடித்தாள். "நானும் உன்னாட்டந்தான் கண்ணு. தைரியமா இரு. பாப்பா பாட்டக் கேட்டு ராவெல்லாம் அழுதேன்." அந்தக் கை சொரசொரவென்று இருந்தது. அந்தக் கையை உதறவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.

அவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும். வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் செல்போன் இருக்கிறது, சொந்தத்தில் எவனோ ஒரு ஒறம்பரை அந்த வீடியோவை அனுப்பிவிட்டான். கூப்பிட்டார். எடுத்ததுமே, "ஏ கலா, என்னயக் கொன்னுட்டயாமா?" என்றார். பின்னால் கம்ப்ரசர் சத்தம், அதுக்கும் மேலே ஆள்களின் சிரிப்பு. "அண்ணி, அண்ணனுக்குக் காரியம் எப்பங்? கறிச்சோறு உண்டுங்ளா?" என்று ஒருத்தன் கத்தினான். "பாத்துக்க, என்ற படுக்கைக்கு மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தி வெச்சிருக்கறானுவ. காலைல எந்திரிச்சா நானே என்னயக் கும்புட்டுட்டுத்தான் வேலைக்குப் போறேன்." அவர் சிரித்தார். அவள் அழுதாள். சிரிப்பை நிறுத்திவிட்டுச் சத்தம் இல்லாத பக்கம் நடந்து போனார் போலிருக்கிறது, கம்ப்ரசர் கம்மியானது. "அழுவாத. பாப்பா நல்லாப் பாடுச்சு. மூணு மட்டம் போட்டுக் கேட்டுட்டேன். இப்பப் போயி நெசத்தச் சொன்னா புள்ளைய வெளில அனுப்பிருவாங்களா?" "தெரியலீங்." "கேக்கறதுக்கு உனக்கு வாய் வருமா?" அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப உடு. பாப்பா ஜெயிக்கட்டும். அது வரைக்கும் நான் செத்தே இருந்துக்கறேன்." பிறகு, வேறு குரலில், "ஏ புள்ள, மழை வுழுந்து வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தா நான் எப்பிடி ஊட்டுக்குள்ளார வர்றது? பொறவாசல்லயா?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்டாரா என்று அவள் யோசிப்பதற்குள் போன் நின்றுவிட்டது. அவர் நிறுத்தினாரா, டவர் நிறுத்தியதா. அதுதான் கடைசி. அப்புறம் இவள் கூப்பிட்டால் இந்தியில் ஒருத்தி பேசுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஒரே ராகத்தில் ஒரே பேச்சு. காட்டுக்குள் இருப்பார், டவர் இருக்காது, போன வருசமும் இப்படித்தான் ஒரு மாசம் இருந்தது. போன வருசம் அவள் அவரைச் சாகடித்திருக்கவில்லை. கோவமாக இருக்கும். கோவமாக இருந்தால் நல்லது. குழாய் கழன்று விழுகிற வேலை அது, கண்ணிமைக்கிற நேரம், பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தரை அப்படித்தான் பெட்டியில் கொண்டுவந்தார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போட்டோவை எடுத்துக் கொடுத்து, நாடே பார்க்க விளக்கும் ஏற்றிவிட்டு, பிறகு போன் ஏன் போகவில்லை என்று கேட்டால். அந்த இந்திக்காரி என்னதான் சொல்கிறாளோ. யாரிடமாவது கேட்டால் அர்த்தம் சொல்வார்கள். கேட்கப் பயமாக இருக்கிறது.

"அக்கா, பாப்பாவுக்கு வெந்நீர் குடுத்தீங்களா?" எழில்மாறன் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். இதே போட்டியில் பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் ஜெயித்தவன், இப்போது இங்கேயே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறான். அவன் ஜெயித்ததைக் கலாமணியும் பார்த்திருக்கிறாள், மில் விடுதியில் எல்லாப் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து அழுதார்கள். லாரி ஏறிக் கால் போன அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு மேடைக்கு வந்தானே, அந்தப் பையன். என்ன பாட்டுப் பாடினான் என்று எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டாள், ஞாபகம் வரவில்லை. "குடுத்தனுங்" என்றாள். "நல்லாப் பாடிருவாளா?" என்று கேட்டாள், ஏதாவது பேச வேண்டுமே என்று. "பாடிருவா. நடுவுல மேல போற எடத்துல அழுது தொண்டை அடைச்சுக்குது. அழாம பாடு கண்ணு, கேக்கறவங்க அழுதுக்குவாங்கன்னு நான் சொல்லித் தர்றேன். நிஷாந்தி மேடம் வந்து அந்த அடைப்புதான் வேணும், அத எடுத்துறாதேங்கறாங்க. நான் என்ன பண்றது." கையில் இருந்த டீயை ஊதினான். "போன வாரம் பெருந்துறைல ஒரு ரிசப்ஷன் கச்சேரிக்கா. தொண்டை வத்தப் பாடினேன். சாப்பிட உக்காந்தா ஒரு அம்மா வந்து, தம்பி, அப்பா கால் எப்படி இருக்குன்னாங்க. எங்க போனாலும் அதான். பாட்டு எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க." "இப்பத் தேவலைங்ளா அப்பாவுக்கு?" என்று கேட்டுவிட்டாள் கலாமணி. வாய் தவறி வந்துவிட்டது. அவன் அவளைப் பார்த்தான், டீ சிந்தச் சிரித்தான். "பாத்தீங்களா, நீங்களும்!" சிரித்துக்கொண்டே, "அவரு போயி ஒரு வருசம் ஆச்சுக்கா. அது எந்த டிவிலயும் வரல" என்றான். அவளுக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. "கூட ஜெயிச்சவங்க, தோத்தவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். பாட்டுலயே நிக்கிறது ஒரே ஒரு பொண்ணுதான், மூணாவது வாரமே வெளிய போனவ. கதையே இல்லாத பொண்ணு, வாத்தியார் மக. தினம் விடியக்காலைல எந்திரிச்சு சாதகம் பண்றா, இன்னிக்கு அவ குரல்னு கேட்டாத் தெரியுது. எங்கள மொகத்தப் பாத்தாத்தான் தெரியும், மொகம் மாறிட்டா அதுவும் போச்சு." எழுந்தான். "பாப்பாவுக்கு நல்ல குரல்க்கா. அவ்வளவு தூரம் எட்டி வீசற குரல் இந்த வயசுல பாத்ததில்ல. எங்க கத்துக்கிட்டா?"

எங்கே கத்துக்கொண்டாள். கம்ப்ரசரிடம் கத்துக்கொண்டாள். அப்பன் கூப்பிட்டால் பாட்டுப் பாடச் சொல்வார், அந்தப் பக்கம் பூமியைத் துளைக்கிற இரைச்சல், "கேக்கல சாமி, சத்தமா" என்பார், பிள்ளை எட்டி எட்டிப் பாடும், "இன்னும் கேக்கல" என்பார், இன்னும் எட்டும். சத்தமாகப் பாடினாலும் கத்தல் ஆகாமல், ராகம் கெடாமல், எத்தனையோ ஊர் தாண்டி ஒரு ஆளுடைய காதைப் போய்த் தொடுகிற மாதிரி அது குரலை நீட்டிப் பழகிக்கொண்டது. இதைத் தம்பியிடம் சொல்லிவிடலாம். தம்பி, அவங்கப்பனுக்குக் கேக்கோணும்னுதானுங் அப்பிடிப் பாடிப் பழகுச்சு, அவங்கப்பன் இருக்கறாருங். "தம்பி" என்றாள். அவன் திரும்பினான். "டீ ஆறிப்போச்சுங்" என்றாள்.

மேக்கப் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். ஒன்பது வயசுப் பிள்ளைக்குக் கன்னத்தில் ரோஸ் தடவி, வெள்ளைப் பாவாடை சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். இந்த வாரம் 'அப்பாவுக்கு ஒரு பாட்டு', அதனால் வெள்ளை. நாற்காலி உயரம், கால் தரையில் படாமல் ஆடியது. "அம்மா, இன்னிக்கு எனக்கு அழுகை வருமா?" "எதுக்கு சாமி அழோணும்?" "வரலீன்னா நிசாந்தி அக்கா மறுக்கா மறுக்காப் பாடச் சொல்லும். கால் வலிக்கும்." "போன மட்டம் எப்பிடி வந்துச்சு?" பிள்ளை கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு சொன்னது: "அப்பாவக் குழிக்குள்ள எறக்கறாப்பல நெனச்சேன். பட்டுனு வந்துருச்சு." கலாமணி அதன் காலைப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தினாள். "அப்பிடியெல்லாம் நெனைக்கக் கூடாது. அப்பா நல்லாருக்கறாரு." "தெரியும்மா. இது டிவிக்கு." எவ்வளவு சுளுவாகச் சொல்கிறது. இவளுக்கு அந்தச் சுளுவு வரவில்லை, இத்தனை வருசத்தில் எதற்கும் வரவில்லை. பிள்ளை, "ஏம்மா, நெசத்துக்கு நல்லாருந்தா ஏன் போனே பண்ண மாட்டீங்கறாரு?" என்றது. ரோஸ் தடவுகிற பெண் "பேசாத பாப்பா, லிப்ஸ்டிக் கலையும்" என்றாள். பிள்ளை கண்ணாடிக்குள் இருந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

நிஷாந்தி வந்தாள். இந்தப் பெண்ணிடமும் ஒரு தடவை சொல்லப் பார்த்தாள்தான். மெட்ராசுக்கு வந்த புதிதில், விடுதி வராந்தாவில், "மேடம், அவரு வந்துங், அன்னிக்கு நான் சொன்னனுங்ளே, இல்லீன்னு" என்று ஆரம்பித்தாள், அதற்குள் குரல் நடுங்கிவிட்டது, நிஷாந்தி அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள், "தெரியும்மா, தெரியும். சொல்ல வேணாம். எங்கப்பாவும் நான் பத்தாவது படிக்கறப்ப போயிட்டாரு" என்று முதுகைத் தடவினாள், அவள் தலையில் ஷாம்பு வாசம், அவளும் அழுதாள். அழுகிற பிள்ளையைத் தள்ளி நிறுத்தி, இல்லீங் உங்கப்பாதான் செத்தாரு, என்ற புருசன் சாவலீங் என்று எப்படிச் சொல்வது. "ரெடியாம்மா? மேடையில நீங்க ஒண்ணும் பேசவே வேணாம். அழுகை வந்தா அழுங்க. கேட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள் இப்போது. ஒரு வார்த்தை. ஒரு வார்த்தைதான் கலாமணியிடமும் இருந்தது. நேற்றில் இருந்து அதைத்தான் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். பெரிய பேச்சு வராது, தப்பு எப்படி நடந்தது என்று விளக்கத் தெரியாது, கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கக்கூட ஒழுங்காக வராது. ஆனால் ஒரு வார்த்தை வரும். இருக்கறாருங். அதைச் சொல்லிவிட்டால் மற்றதை அவர்களே கேட்டுக்கொள்வார்கள். பாப்பாவை அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும். வாசலில் காறித் துப்புவார்கள். துப்பட்டும். பஸ்ஸில் கையைப் பிடித்த அந்த அம்மா? அவள் முகத்தில் எப்படி முழிப்பது. பிள்ளை இத்தனை நாள் பட்ட பாடு, வெந்நீர் குடித்துக் குடித்து. ஆனாலும் சொல்லிவிட வேண்டும். எங்கேயோ ஒரு டவர் இருக்கிற இடத்துக்கு வண்டி வந்து நிற்கும், அவர் போனில் பார்ப்பார், பெண்டாட்டி எல்லாருக்கும் முன்னால் இருக்கறாருங் என்று சொல்வதைக் கேட்பார். முன்வாசல் வழியாக வருவார்.

பாப்பா பாடியது. அப்பாவைப் பற்றிய பழைய பாட்டு, எல்லோருக்கும் தெரிந்தது. முதல் வரியில் கொட்டகை அடங்கிவிட்டது. மேலே போகிற இடம் வந்தது, பிள்ளை கண்ணை மூடியது, குரல் அடைத்தது, உடைந்தது, உடைந்த இடத்தில் இருந்தே மேலே ஏறியது. எங்கே பார்த்தாலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். குழிக்குள் இறக்குகிறது, இப்போது குழிக்குள் இறக்குகிறது என்று கலாமணிக்குத் தெரிந்தது, வேண்டாம் சாமி, எடுத்துரு, மேல எடுத்துரு. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். யாரோ முழங்கையைப் பிடித்து நடத்தினார்கள். தரை கண்ணாடி மாதிரி வழுக்கியது, வெளிச்சம் முகத்தில் அறைந்தது. பாப்பா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. நடுவராக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்தே நின்றுவிட்டார், மை கரைந்து கன்னத்தில் ஓடியது. நிகழ்ச்சி நடத்துகிறவர் குரலைத் தாழ்த்தி, கோயிலுக்குள் பேசுகிற மாதிரி, "அம்மா, பாப்பா பாடினத இன்னிக்கு அவரு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்றார். இதுதான். இதுதான் இடம். கலாமணி வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது, மறுபடி திறந்தாள்.

"அவரு இருக்கறாருங்."

அவள் மூச்சு அவளுக்கே கேட்டது. சொல்லிவிட்டாள். தன் வாயால், தன் குரலில், சொல்லியே விட்டாள். அப்புறம் அந்த நடத்துகிறவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "இருக்காராம்! கேட்டீங்களா, இருக்காராம்! எங்கயும் போகல அவரு, இங்கதான் இருக்காரு, நம்ம எல்லாரோட கூடவே இருக்காரு!" கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "இல்லீங், நெசமாவே இருக்கறாருங், போர் வண்டிலீங்" என்று அவள் சொன்னது கைதட்டலுக்குள் எங்கேயோ போய்விட்டது, அந்த நடுவர் அம்மா மேடைக்கே வந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார், "ஆமாம்மா, ஆமா. அந்தக் கொழந்தை பாடறப்போ நானும் அவர உணர்ந்தேன்" என்றார். கலாமணி அழுதாள். நடிப்பில்லை, அடக்கவும் முடியவில்லை, மில்லில் நூல் சிக்குவிழுந்த மாதிரி நெஞ்சு இழுத்து இழுத்து அறுந்தது. இடுப்பைக் கட்டியிருந்த கை மெல்ல விட்டுப்போனதை அப்போதுதான் உணர்ந்தாள். குனிந்தாள். பாப்பாவின் முகம் சோறு வெந்த தண்ணீர் மாதிரி வெளுத்திருந்தது. அம்மா இப்படி அழுது அது பார்த்ததில்லை. "அம்மா" என்றது, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அத்தனை தூரம் எட்டுகிற குரலை உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு. "அப்பா செத்துட்டாராம்மா?" இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சொல்லால்தான் இத்தனையும் ஆரம்பித்தது. சாகவில்லை என்று சொல்லலாம், அந்தச் சா என்கிற எழுத்தை அவர் பெயரோடு சேர்த்து நாக்கில் வைக்க அவளால் ஆகாது. இருக்கிறார் என்று சொல்லலாம், அதைத்தான் இப்போது சொன்னாள், அது என்னவாயிற்று என்று பிள்ளையும் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. "அப்பா போன் பண்ணுவாரு சாமி" என்றாள். "எப்பம்மா?" பிள்ளையின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

கைதட்டல் நின்றது. இருட்டில் இருந்து யாரோ கத்தினார்கள், நிஷாந்தி குனிந்தபடி மேடைக்கு ஓடிவந்தாள், மூக்கு சிவந்திருந்தது, கலாமணியின் கன்னத்தைத் துடைக்கப் போய்த் துடைக்காமல் விட்டாள். "ரொம்ப அழகா சொன்னீங்கம்மா, எனக்கு உடம்பே சிலிர்த்துருச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை. அவர் இருக்கார்னு சொன்னீங்கல்ல, அது கைதட்டல்ல அமுங்கிருச்சு. அதே மாதிரி சொல்லுங்க, போதும்." எல்லோரும் பழையபடி உட்கார்ந்தார்கள். வெளிச்சத்தைச் சரி செய்தார்கள். கொட்டகை மறுபடி அடங்கியது. கலாமணி பாப்பாவின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள், பாப்பாவின் கண்ணுக்குள்ளேயே பார்த்தாள், ஊருக்கில்லை, டிவிக்கில்லை, உனக்கு, உனக்கு மட்டும் என்று அவளுக்குத் தெரிந்த மட்டும் கண்ணில் வைத்து, "அவரு இருக்கறாரு" என்றாள். "கட், கட். அம்மா, பாப்பாவைப் பாத்துச் சொல்லாதீங்க" என்று இருட்டில் இருந்து அந்தக் குரல் பொறுமையாகச் சொன்னது. "மேல பாருங்க. மேல பாத்துச் சொல்லுங்க." கலாமணி அசையாமல் நின்றாள். அவள் கைக்குள் இருந்த தாடை மெதுவாக நழுவியது. பாப்பா அவளுக்கு முன்னாலேயே மேலே பார்த்துவிட்டது.